மணியாச்சியில் இரண்டு பேர்

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். ஆஷ் சுடப்பட்ட அன்று தனக்குப் பத்து வயது என்பார். அன்று மத்தியானம் ஊர் ரயிலடியில் தான் நின்றுகொண்டிருந்ததாகவும், வந்து நின்ற வண்டியிலிருந்து கார்டு இறங்கி 'கலெக்டரைச் சுட்டுட்டான்' என்று சொன்னதாகவும், கேட்டவர்கள் ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாகவும் சொல்வார். கார்டு கையிலிருந்த பச்சைக்கொடி, பிளாட்பாரத்தில் உருண்டு கிடந்த தேங்காய்கள், புழுதிக் காற்று எல்லாம் அவர் சொல்லில் வரும். ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் வரும். பையன்களாகிய எங்களுக்கு அவர் சரித்திரத்தைக் கண்ணால் பார்த்த மனிதர்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒரு சின்ன விஷயம் தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் பாதை வந்தது 1923-ல். 1911-ல் ஸ்ரீவைகுண்டத்துக்கு ரயிலே கிடையாது. விடுமுறைக்கு ஊர் வந்தபோது, அந்த வயதுக்கே உரிய இரக்கமின்மையோடு, இதை அவரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, 'அப்போ நான் எங்கடே நின்னேன்?' என்று என்னையே கேட்டார்.

அவர் பொய் சொன்னவர் அல்ல. சேதி கேட்டது நிஜம், கதவு சாத்தப்பட்டது நிஜமாக இருக்கலாம். இடையில் ஒரு ரயிலடி தேவைப்பட்டது, மனம் கட்டிக்கொடுத்துவிட்டது. ஆஷ் கொலையைப் பற்றி நம்மிடம் இருக்கிற பெரும்பாலான எழுத்துக்களைப் படிக்கும்போது எனக்கு இந்தப் பெரியவர் ஞாபகம்தான் வருகிறது. (எங்கள் ஊர்ப் பெருமாள் கள்ளப்பிரானே ஆள்மாறாட்டம் செய்தவர். திருடன் காலதூஷகன் பிடிபடவிருந்தபோது அவன் உருவத்தில் ராஜாவின் முன் போய் நின்றார் என்பது ஸ்தலபுராணம். ஆளை அடையாளம் காட்டுவது எவ்வளவு சந்தேகாஸ்பதமான காரியம் என்பதை நாங்கள் சிறு வயதிலிருந்தே கோயிலில் கேட்டு வந்திருக்கிறோம்.)

சர்ச்சைக்கு இடமில்லாத அளவுக்கு விஷயத்தைக் குறுக்கினால் மிஞ்சுவது இவ்வளவுதான். 1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷும் அவர் மனைவி மேரியும் கொடைக்கானல் போவதற்காகத் திருநெல்வேலியில் காலை 9.30 மணி வண்டியில் ஏறுகிறார்கள். 10.38-க்கு மணியாச்சி ஜங்ஷன். தூத்துக்குடியிலிருந்து சிலோன் போட் மெயில் வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. கணவனும் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியை நோக்கி இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் குடுமி வைத்து, நேர்த்தியாக உடுத்தியவன். இன்னொருவன் வேட்டி கட்டிய இளைஞன். முதலாமவன் பெட்டிக்குள் ஏறி பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுடுகிறான். அது காற்றுக் காலம். வெடிச் சத்தம் காற்றின் ஓலத்தில் அமுங்கிப்போயிற்று. சுட்டவன் பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூஸுக்குள் புகுகிறான். சற்றுப் பொறுத்துப் பார்த்தபோது வாய்க்குள் சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தான். செங்கோட்டை வாஞ்சி அய்யர், புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறைச் சிப்பந்தி, வயது 25. ஆஷைத் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். வழியில் கங்கைகொண்டானிலேயே உயிர் போய்விட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். இந்த எண்ணிக்கையில்தான் எனக்கு அக்கறை.

இரண்டாமவன் என்று போலீஸ் பெயர் சொன்னது ஒட்டப்பிடாரம் மாடசாமியை. அவர் அகப்படவில்லை, கடைசி வரையிலும். கொலை நடந்த இடத்தில் இருந்த இருவரில் ஒருவர் பிணம், மற்றவர் மாயம். ஆக, பிறகு சென்னை ஹைகோர்ட்டில் நடந்த பிரம்மாண்டமான வழக்கில், குற்றவாளிக் கூண்டில் நின்ற 14 பேரில் மணியாச்சி பிளாட்பாரத்தில் காலை வைத்தவர் என்று ஒருவரும் இல்லை. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி அந்தச் சமயத்தில் வடக்கே இருந்தார். கொலையைப் பார்த்தவர்களுக்குச் சதியைப் பற்றித் தெரியாது. சதியைப் பற்றிச் சொன்னவர்கள் கொலையைப் பார்க்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை எதைக் கொண்டு தூர்த்தார்கள் என்பதுதான் வழக்கின் கதை. தேசபக்தர் சரித்திரம் எழுதியவர்களும் போலீஸ் தரப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, 'சதி' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு 'தியாகம்' என்று எழுதிவிட்டார்கள். வாக்குமூலம் ஒன்றுதான், விசேஷணம் மட்டும் வேறு.

பள்ளத்தைத் தூர்த்தவர்கள் ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இரண்டு அப்ரூவர்கள். ரகசியச் சங்கத்தில் சேரும் சடங்கு பற்றி நாம் இன்று அறிந்தது எல்லாம் முக்கியமாக அவர்கள் வாயிலிருந்து வந்தது. காளி படம், விபூதி, குங்குமம் கரைத்த நீர், அதை வெள்ளையன் ரத்தமாகப் பாவித்துக் குடித்தது, கட்டைவிரலைக் கீறிக் காகிதத்தில் ரத்த முத்திரை வைத்தது. படித்தவுடன் கண்முன் நிற்கிறது. நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இது நடந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து வாலிபர்கள் வங்காளத்து விஷயங்களைப் பத்திரிகையில் படித்துப் பாவனை செய்யக்கூடியவர்கள்தான். ஆனால் அதே பத்திரிகையைப் போலீஸும் படித்தது. ஒரு சடங்கு நடந்ததற்கும், நடந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட சடங்கு ஒப்பிக்கப்பட்டதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, அப்ரூவரின் பேச்சுக்கு வெளியே ஏதாவது ஒன்று வேண்டும்.

அப்போது அமலிலிருந்த 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் இந்த இடத்தில் இரண்டு பக்கமும் பேசியது. 133-ஆம் பிரிவின்படி, குற்றத்தில் கூட்டாளியாக இருந்தவன் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டித்தாலும் அது சட்ட விரோதம் ஆகாது. 114-ஆம் பிரிவின் ஓர் உதாரணத்தின்படி, முக்கிய விவரங்களில் வேறு ஆதரவு இல்லாவிட்டால் கூட்டாளி நம்பத் தகாதவன் என்று கோர்ட் ஊகித்துக்கொள்ளலாம். இதோடு 157-ஆம் பிரிவும் வந்து சேர்ந்தது. சாட்சி முன்னால் ஓர் அதிகாரியிடம் சொன்னதை, இப்போது சொல்வதற்கு வலுவாகக் காட்டலாம் என்பது அது. கைதான உடன் மாஜிஸ்ட்ரேட்டிடம் ஆறுமுகம் பிள்ளை சொன்னது, கோர்ட்டில் ஆறுமுகம் பிள்ளை சொன்னதற்கு ஆதரவாகுமா? ஒருவன் தன் நிழலையே சாட்சிக்கு அழைத்து வருகிற மாதிரி இல்லையா? தண்டனை விதிக்கப்பட்டபின் இந்தக் கேள்வி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போயிற்று. முத்துக்குமாரசுவாமி பிள்ளை எதிர் சக்கரவர்த்தி என்று 1912-ஆம் வருஷச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. தண்டனை நின்றுவிட்டது, ஆனால் ஐவரும் ஒரே குரலில் பேசவில்லை. வக்கீல்கள் இன்னும் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு, வாஞ்சியைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறவர்களுக்கு, அப்படி ஒரு கேள்வி எழுந்ததே தெரியாது.

வங்காளத்தில் கதை வேறு விதமாகப் போயிற்று. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அப்ரூவரான நரேந்திரநாத் கோஸ்வாமியை 1908 ஆகஸ்டில் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். குறுக்கு விசாரணைக்கு ஆள் இல்லாமல் அவர் வாக்குமூலம் பயனற்றுப்போயிற்று. அரவிந்தர் விடுதலையானதில் அதற்கும் பங்கு உண்டு. அங்கே அப்ரூவர் செத்ததால் சரித்திரம் ஒரு மாதிரி எழுதப்பட்டது. இங்கே அப்ரூவர்கள் பிழைத்ததால் வேறு மாதிரி.

பிழைக்காதவர்களும் உண்டு. விசாரணை தொடங்கியதும் தர்மராஜ அய்யர் விஷம் குடித்து இறந்தார். வெங்கடேசுவர அய்யர் கழுத்தை அறுத்துக்கொண்டார். போலீஸ் இந்தச் சாவுகளைக் குற்றத்தின் ஒப்புதலாக வாசித்தது. நாம் வீரத்தின் அத்தாட்சியாக வாசிக்கிறோம். பயம், அவமானம், வீட்டுப் பெண்டுகள் முன்னால் சோதனை போடப்படுவது, யாரையாவது காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்று தன்னைப் பற்றித் தனக்கே எழுகிற சந்தேகம், இவற்றில் எதுவாகவும் இருந்திருக்கலாம். செத்தவன் மௌனத்துக்கு நாம் எழுதிக்கொள்ளும் உரையை அவன் வாக்குமூலம் என்று சொல்வது நியாயமில்லை.

இனி ஸ்தூலமான சாட்சியங்கள். துப்பாக்கி, பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதன் மீது தொழிற்சாலைப் பெயரும் பேடண்ட் குறிப்பும் எண்களும் இருந்தன. எங்கே செய்தது என்று அது சொல்லும். யார் அனுப்பியது, யார் வாங்கியது, வாஞ்சி கைக்கு எப்போது வந்தது என்று சொல்லாது. பாரிஸிலிருந்து மேடம் காமா அனுப்பியது என்பார்கள். புதுச்சேரியில் வ.வே.சு. அய்யர் குறி பார்க்கப் பழக்கினார் என்பார்கள். 1911 தொடக்கத்தில் வாஞ்சி லீவு எடுத்துப் புதுச்சேரி போயிருந்தது தெரிகிறது, ஆகவே இரண்டாவது நடந்திருக்கலாம். முதலாவதுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, கொலைக்குப் பிறகு காமா தம் பத்திரிகையில் அதைக் கொண்டாடி எழுதினார் என்பதே. ஒரு செயலைப் பாராட்டுவதும் அதற்கு ஆயுதம் கொடுப்பதும் ஒன்றல்ல. நாசிக் வழக்கில் துப்பாக்கிகள் வந்த வழியைச் சாட்சிகளோடு காட்ட முடிந்தது. அங்கே கண்டதை இங்கேயும் இருந்ததாகப் பாவித்துவிட்டார்கள்.

துண்டுப் பிரசுரங்களும் இருந்தன. ஆரியர்களுக்கு ஒரு ஆப்த வாக்கியம் சொல்கிற ஒன்று, அபிநவ பாரத சமாஜத்தில் சேருவதற்கான பிரமாணம் மற்றொன்று. அச்சிட்ட இடம் பரங்கியை நாசம் செய்யும் அச்சுக்கூடம் என்று போட்டிருந்தது. அச்சுக்கூடத்தின் பெயரே புனைபெயர். நம்மில் பலர் கையால் எழுத்துக் கோத்துப் பத்திரிகை நடத்தியவர்கள் அல்லது அப்படி நடத்தியவர்களைத் தெரிந்தவர்கள். உடைந்த ஒரு 'ழ' எந்த அச்சாபீஸுடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். அந்தப் பிரசுரங்களை அப்படி ஒரு கம்பாஸிட்டரின் கண்ணோடு இன்றைக்காவது யாராவது உட்கார்ந்து பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம். லஞ்சம் வாங்காத, மன்னிப்புக் கேட்காத ஒரே சாட்சி அதுதான். இலக்கிய விமர்சனம் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற நாம், சில வாக்கியங்களே உள்ள அந்தத் தமிழ் வாசகத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அதில் ஆஷின் பெயர் இல்லை. வ.உ.சி. பெயர் இல்லை. சுதேசிக் கப்பல் இல்லை. 1908 மார்ச்சில் திருநெல்வேலியில் நடந்த கலவரமும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களும் இல்லை. தூத்துக்குடியில் ஆஷ் அந்த நாட்களில் உதவிக் கலெக்டராக இருந்து நடந்துகொண்ட விதம் இல்லை. வாஞ்சி வ.உ.சி.க்காகப் பழி வாங்கினான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வந்திருக்கிறோம். இருக்கலாம். ஜில்லாவில் அந்தக் கோபம் நெருப்பாக இருந்தது, வாஞ்சி அதில் குளிர் காயாதவனாக இருந்திருக்க முடியாது. ஆனால் சாகப்போகிறவன், சாவதற்காகவே எழுதி வைத்த காகிதத்தில், அதை எழுதவில்லை. அவன் எழுதியது ஜார்ஜ் மன்னனின் முடிசூட்டைப் பற்றி. லண்டனில் முடிசூட்டு நடந்தது ஜூன் 22-ல், கொலைக்கு ஐந்தாம் நாள். அரசன் இந்த நாட்டில் கால் வைத்ததும் கொல்வதற்கு 3000 மதராசிகள் சபதம் செய்திருப்பதாகவும், அதைத் தெரிவிக்கவே அவர்களில் கடையவனாகிய தான் இதைச் செய்ததாகவும் கடிதம் சொல்கிறது. ஆஷ், கடிதத்தின்படி, ஒரு முகவரி மட்டுமே.

3000 என்ற எண்ணைச் சதியின் அளவுக்கு அத்தாட்சியாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸால் 14 பேரைத்தான் கூண்டில் நிறுத்த முடிந்தது. அந்த எண் ஒரு தனி மனிதனின் வேட்கை. ஆக, கடிதத்தில் ஒரு வாக்கியம் தகவல், ஒன்று மிகை, ஒன்று பிரார்த்தனை. பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

'ஜார்ஜ் பஞ்சமன்' என்ற இரண்டு சொற்களை வைத்து நடக்கும் சண்டை தெரிந்ததே. ஒரு கட்சி, வாஞ்சி அரசனைத் தீண்டத்தகாதவன் என்று திட்டினான், ஆகவே கொலையே ஜாதிக் கொலை என்கிறது. இன்னொரு கட்சி, பஞ்சமன் என்றால் ஐந்தாமவன், ஐந்தாம் ஜார்ஜ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறது. சமஸ்கிருத எண்ணுப்பெயராக ஐந்தாமவன் என்பதே அங்கே நேர்ப்பொருள் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் இந்தச் சொல்லை மீட்டுக் கொடுத்துவிட்டதாலேயே வாஞ்சியை மீட்டுவிட்டதாக நினைப்பவர்கள் அதற்கு முன்னால் நிற்கும் சொற்களை என்ன செய்வார்கள்? கோமாமிசம் தின்னும் மிலேச்சன் என்று அங்கே இருக்கிறது. மிதிக்கப்பட்டதாக அவன் வருந்துவது ஸனாதன தர்மம். சுதந்திரமும் அதே மூச்சில் வருகிறது. இந்த இரண்டும் அவனுக்கு வேறு வேறாக இருக்கவில்லை. நமக்கு வேறாக இருக்கிறது என்பதற்காக, ஆளுக்கு ஒரு பாதியைக் கிழித்துக்கொண்டு போவதற்கு அந்தக் காகிதம் நம் அப்பன் வீட்டுப் பத்திரம் அல்ல.

கட்சி கட்டியபின் சாட்சிகள் தாமாகவே பிறக்கிறார்கள். பிரசவ வேதனையில் இருந்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி செங்கோட்டை அக்கிரகாரம் வழியாகக் கொண்டுபோனார், தடுத்த வாஞ்சி குடும்பத்தாரைச் சவுக்கால் அடித்தார், அதற்காகத்தான் கொலை என்று ஒரு கதை இப்போது பலமாக நிலவுகிறது. அக்கிரகாரம் அப்படி நடந்துகொள்ளாது என்று நான் வாதாட மாட்டேன். நடந்துகொள்ளும், நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் 1911-ல் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். திருநெல்வேலி கலெக்டரின் அதிகாரம் அங்கே செல்லாது. அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பரில். இந்த ஒரு பூகோள விவரத்தைக்கூடக் கதை சொன்னவர் யோசிக்கவில்லை. எங்கள் பெரியவரின் ரயிலடி மாதிரிதான் இதுவும். கதையைச் சொன்னவர்களின் ரணம் உண்மை, அதற்கு ஆதாரமாக ஆஷின் வண்டி தேவையில்லை. ஆஷ் பற்றியும் வழக்கு பற்றியும் ஆ. சிவசுப்பிரமணியனும் ஆ. இரா. வேங்கடாசலபதியும் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்கள். கூச்சல் போடுகிற இரு தரப்பாரும் அவற்றைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

எழுதுகிறவர்களுக்கு இந்த வழக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விசாரித்தவர்கள் தலைமை நீதிபதி அர்னால்ட் ஒயிட், அய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர். தங்குதூரி பிரகாசம் எதிரிகள் தரப்பு வக்கீல்களில் ஒருவர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. ஒன்பது பேருக்குத் தண்டனை, நீலகண்டனுக்கு ஏழு வருஷம், சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு. தூக்கு ஒருவருக்கும் இல்லை. சங்கரன் நாயர் தனியாக எழுதினார். ஜில்லாவில் அரசியல் உணர்ச்சி எப்படி வளர்ந்தது என்று விரிவாகச் சொல்லி, பாரதியின் பாட்டு ஒன்றையும் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார். பாரதி அப்போது புதுச்சேரியில், போலீஸ் காவலுக்கு நடுவில் இருந்தார். அவருடைய கவிதை இப்படியாக முதலில் ஆங்கிலமாகி, பிறகு சாட்சியச் சூழ்நிலையின் ஒரு பகுதியாகி, நீதிமன்றக் கட்டுக்குள் போயிற்று. தமிழில் அதற்கு விமர்சனம் என்று ஒன்று வருவதற்கு வெகு முன்பே ஒரு ஹைகோர்ட் நீதிபதி அதைப் படித்து, அது மனிதர்களை என்ன செய்யக்கூடும் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை நம் ரசனைக் கட்டுரைகள் பலவற்றைவிடக் கவிதைக்கு அதிக மரியாதை செய்தது என்றுகூடத் தோன்றுகிறது. அபாயகரமான மரியாதை, ஆனாலும் மரியாதை.

அந்த மொழிமாற்றத்தில்தான் என் சந்தேகம் முழுவதும் வந்து நிற்கிறது. கவிதைக்கு நேர்ந்தது சாட்சிகளுக்கும் நேர்ந்தது. ஆறுமுகம் பிள்ளை பேசியது தூத்துக்குடித் தமிழ். பதிவானது ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தை வைத்து நீதிபதிகள் தீர்மானித்தார்கள். அதையே திருப்பித் தமிழாக்கி நாம் சரித்திரம் எழுதுகிறோம். குற்றச்சாட்டு, சக்கரவர்த்திக்கு எதிராக யுத்தம் தொடுக்கச் சதி செய்தார்கள் என்பது. ஏழு வருஷமா, விடுதலையா என்பது அந்தக் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைக்காரனை 'விரட்டணும்' என்று பேசினார்களா, 'ஒழிக்கணும்' என்றா, 'தீர்த்துக்கட்டணும்' என்றா? எங்கள் பக்கத்தில் வரப்புச் சண்டையில் மூன்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டு, சாயங்காலம் வாய்க்காலில் சேர்ந்து குளிப்பார்கள். இந்த மூன்றில் எதை ஆறுமுகம் பிள்ளை சொன்னார், எந்த ஆங்கிலச் சொல்லாக அதைத் துபாஷி மாற்றிக் கொடுத்தான் என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை.